காப்லு ஒன் ஜீரோ ஒன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் படிவத்திலாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை அரிக்கும். வங்கியோ, மருத்துவமனையோ, நூலகமோ, ஒரு கட்டத்தையும் விட்டுவைக்காமல் நிரப்பிவிட்டுத்தான் பேனாவை மூடுவேன். இது அப்பா வழியில் வந்த சொத்து. கொல்கத்தாத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவர் அவர். "ஏட்டி, ஒரு கட்டத்தக் காலியா விட்டாலும் மொத்தப் பேப்பரும் திரும்பி வந்துரும், பாத்துக்கோ" என்று எனக்கு எழுத்து கூட்டத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்தார். மானத்தைக் கப்பலேற்றுவது என்பார்கள். துறைமுக எழுத்தரின் மகளான நான் அதை விமானத்தில் ஏற்றினேன். அதுவும் என் மானத்தை மட்டுமல்ல, எங்கள் சேர்மனின் மானத்தையும் சேர்த்து.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன விமானக் கம்பெனியில் ஆவணப் பிரிவில் சேர்ந்திருந்தேன். (கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன்.) கம்பெனியிடம் அப்போது இரண்டு விமானங்கள் இருந்தன. இரண்டும் இறக்கையில் விசிறி சுற்றும் ரகம். கொல்கத்தாவிலிருந்து வடக்கு வங்காளத்துக்குப் பறக்கத் திட்டம். ஆவணப் பிரிவில் என்னோடு சேர்த்து இரண்டே பேர். இன்னொருவர் என் மேலதிகாரி சென்குப்தா-தா. (வங்காளத்தில் தா, தாதா என்றால் அண்ணன்.) விசாலாட்சி என்ற என் பெயரை அவர் "பிஷாலாக்கி" என்றுதான் கூப்பிடுவார். பழகிவிட்டது.

சேர்மன் பெயர் லாஹா. அறுபதைத் தாண்டியவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் தங்கள் மாடி வந்துவிட்டதைப் போல இறங்கிப் படியேறுவார்கள். நான் ஒருமுறை இறங்க மறந்து ஆறு மாடி அவரோடு போனேன். மூச்சு விட்டதாக நினைவில்லை.

என் வேலை அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தது. அந்த மார்ச்சில் அப்பா ஓய்வு பெறுகிறார். அலிப்பூர்ப் பக்கம் இருந்த துறைமுகக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். எனக்கு வேலை நிரந்தரமானால் பெஹாலாவில் வீடு பார்த்து இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு பாளையங்கோட்டை. நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் கொல்கத்தா. பாளையங்கோட்டையில் என் தமிழைக் கேட்டால் அத்தை மகள்கள் ஓடி ஒளிந்து சிரிப்பார்கள். ஆக, லாஹா சார் போடப்போகும் ஒரு கையெழுத்தில்தான் எங்கள் குடும்பம் எந்த ஊரில் இருக்கும் என்பதே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அழைப்புப் பெயர் விவகாரம் வந்தது.

ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் ரேடியோவில் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். ஒரே அலைவரிசையில் பத்து விமானிகள் பேசுவார்கள். யார் பேசுகிறார் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சட்டென்று புரிய வேண்டும். அதனால் பெயர் சின்னதாக, எல்லா நாட்டுக்காரர் வாயிலும் நுழைவதாக, வேறு யார் பெயர் போலவும் இல்லாததாக இருக்க வேண்டும். சில கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்கின்றன. சிலதுக்குப் பின்னால் கதை இருக்கிறது. அந்தக் கதைகளைத் திரட்டி ஒரு குறிப்பு எழுது என்று லாஹா சார் என்னிடம் சொல்லி அனுப்பினார்.

நான் விழுந்து விழுந்து எழுதினேன். ஒரு பிரிட்டிஷ் கம்பெனி ரேடியோவில் "ஸ்பீட்பேர்ட்." அந்தக் காலத்து விளம்பரச் சுவரொட்டிக்கு யாரோ ஓர் ஓவியர் வரைந்த பறவை அது. வரையச் சொன்ன கம்பெனி மறைந்து, அதற்கு அடுத்ததும் மறைந்து, பறவை மட்டும் இன்னும் ரேடியோவில் கூவுகிறது. அயர்லாந்துக்காரர்கள் "ஷாம்ராக்." அது அவர்கள் ஊர் மூவிலைச் செடி. தென்னாப்பிரிக்கர்கள் தங்கள் துள்ளுமான் பெயரை வைத்தார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் தொடங்கிய ஒரு கம்பெனி தன்னைக் "காக்டஸ்" என்று அழைத்துக்கொண்டது. கள்ளிச்செடி! எட்டுப் பக்கம் எழுதினேன். அடியில் என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டேன். (அப்போதே தெரிந்திருக்க வேண்டும், எனக்குக் கண்டம் என்று.)

சென்குப்தா-தா அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுக்கு எட்டுப் பக்கம் எதுக்கு? இது கம்பெனியோட டாக் நாம். அவ்வளவுதானே?" என்றார். (இவர்கள் எல்லோரும் பேசியது வங்காளத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நீளமாக ஒன்று. வீட்டுக்குள் கூப்பிட இன்னொன்று. அதுதான் டாக் நாம். வெளியே பெரிய நீதிபதியாக இருப்பார். வீட்டில் அவரைக் கொழுக்கட்டை என்கிற மாதிரி ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைக் குடும்பத்தாரும் பால்ய நண்பர்களும் தவிர வேறு யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அலுவலகத்தில் தெரிந்துவிட்டால் அதைவிடத் தலைக்குனிவு கிடையாது.

லாஹா சாருக்கும் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

அவருக்கு ஒரு அக்கா. எழுபது வயது. எல்லோருக்கும் அவர் திதி, அதாவது அக்கா. கைபேசி மேல் நம்பிக்கை இல்லாதவர். அலுவலகத் தரைவழி எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். அந்த ஃபோன் என் மேசையில் இருந்தது. முதல் தடவை எடுத்தபோது, "காப்லு இருக்கானா?" என்றார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. "இல்லாம எங்க போவான்? ஒன்றரை மணிக்கு மருந்து சாப்பிடணும், அவன் மறந்துடுவான்" என்றார். சென்குப்தா-தா முகம் வெளுத்து, வாயில் விரல் வைத்து, மேலே ஆறாவது மாடியைக் காட்டினார். காப்லு என்றால் கொழுகொழு கன்னம் உள்ள குழந்தை. அதன் பிறகு தினமும் ஒன்றரைக்கு ஃபோன் வரும். நான் மேலே போய், "சார், வீட்டிலிருந்து ஃபோன்" என்பேன். அவரும் எழுந்து வருவார். இருவருக்கும் நடுவே அந்தப் பெயர் ஒரு வெடிகுண்டு போல மூடி வைக்கப்பட்டிருந்தது.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன்.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள். கொல்கத்தாவில் அந்த நாளில் அலுவலகத்தில் உடம்புகள் இருக்கும், உயிர்கள் பந்தலுக்குப் போயிருக்கும். சென்குப்தா-தா அவர் தெருப் பந்தலின் செயலாளர் வேறு. மேளக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவருக்கு அழைப்பு. எனக்கோ வீட்டில் கொலு. லேக் மார்க்கெட்டில் இறங்கிக் கொண்டைக்கடலை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

அழைப்புப் பெயர்ப் படிவம் அன்றே தில்லிக்குப் போக வேண்டும். அங்கிருந்து வெளிநாட்டில் உள்ள சர்வதேச அமைப்புக்குப் போகும். அதில் மூன்று விருப்பம் கேட்டிருந்தார்கள். முதல் இரண்டையும் லாஹா சார் மூன்று வாரம் யோசித்துத் தந்திருந்தார். முதலாவது "ராயல் டைகர்." இரண்டாவது எங்கள் ஊர் ஆற்றின் பெயர், "ஹூக்ளி." மூன்றாவது கட்டம் காலி.

"தாதா, மூணாவது என்ன போட?"

"எதையாவது போடு. மூணாவது வரைக்கும் யார் போகப் போறாங்க?" என்றவர் ஃபோனில், "மேளத்தை ஓரமா வைக்கச் சொல்லு, மழை வரும்" என்றார்.

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை அரித்தது. சரியாக ஒன்றரை மணி. ஃபோன் அடித்தது. "காப்லு இருக்கானா?"

அழைப்புப் பெயர் என்றால் டாக் நாம் என்று சென்குப்தா-தா சொன்னது தலைக்குள் ஓடியது. என் விரல்கள் தாமாக அந்தக் கட்டத்தில் ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டின. எனக்கே சிரிப்பு வந்தது. வந்து அழித்துவிட்டு ஏதாவது ஆற்றின் பெயர் போடலாம் என்று நினைத்துக்கொண்டு, லாஹா சாரைக் கூப்பிட மேலே போனேன்.

திரும்பி வந்தபோது சென்குப்தா-தா நாற்காலி காலி. படிவம் அச்சாகி, கையெழுத்தாகி, முத்திரை குத்தி, கூரியர்க்காரர் கையில் கிளம்பிவிட்டிருந்தது. நான் வாசல் வரை ஓடினேன். மோட்டார் சைக்கிள் புகையைத்தான் பார்த்தேன். அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மூணாவது வரைக்கும் யார் போகப் போறாங்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொண்டைக்கடலை வாங்கப் போனேன். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய கோழைத்தனம் அது.

டிசம்பர் நடுவில் பதில் வந்தது. "ராயல் டைகர்" போல ஒலிக்கும் பெயர் ஏற்கெனவே வேறு நாட்டில் புழக்கத்தில் இருக்கிறதாம். "ஹூக்ளி" வெளிநாட்டு விமானிகள் வாயில் நுழையாதாம். மூன்றாவது, சிறியது, தனித்தன்மை உள்ளது, உச்சரிக்க எளிது. அனுமதிக்கப்பட்டது.

கடிதத்தைச் சென்குப்தா-தாவிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிப் படித்தார்.

"பிஷாலாக்கி, நான் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேனா?"

"போட்டிருக்கீங்க தாதா."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காங்க" என்றார்.

மாற்ற முடியுமா என்று தில்லிக்குக் கேட்டோம். புதிதாக விண்ணப்பிக்கலாம், குறைந்தது இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். முதல் விமானம் பறக்க இன்னும் மூன்று வாரம். அமைச்சர் முதல் பத்திரிகைக்காரர்கள் வரை அழைப்பிதழ் போயாகிவிட்டது. அன்று மாலையே லாஹா சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அழைப்புப் பெயர் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது சார்."

"நான் நினைத்ததுதானே?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நம் தலைக்கு ஆமாம், இல்லை, கடவுளே என்று மூன்றையும் ஒரே ஆட்டில் சொல்லும் சாமர்த்தியம் உண்டு. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "நல்லது. உன் நிரந்தரக் கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது. விழா முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! லாஹா சார் எங்கு பார்த்தாலும் புலியை அவிழ்த்துவிட்டார். வரவேற்பறையில் ஆளுயரப் புலிப் படம். விருந்தினருக்குப் புலி உருவத்தில் சந்தேஷ் என்ற பால் இனிப்பு. அதற்கென்று பவானிபூரில் ஒரு மிட்டாய்க் கடையில் மர அச்சு செதுக்கச் சொன்னார். குளிர்காலம் என்பதால் புதுப் பேரீச்ச வெல்லத்தில் செய்து, வரிகள் மட்டும் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று உத்தரவு. மாதிரிக்கு ஒன்று வந்தபோது என்னிடம் காட்டி, "எப்படி?" என்றார். அந்தப் புலி என்னையே பார்த்தது.

இதற்குள் பயண அட்டவணை, விமானிகளின் கையேடு, தில்லி அனுமதி எல்லாவற்றிலும் காப்லு ஏறிவிட்டது. கம்பெனியில் தெரியாத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் ஆறாவது மாடியில் புலியோடு இருந்தார். விமானிகளுக்குப் பெயர் தெரியுமே தவிர, அது யாருடைய பெயர் என்று தெரியாது. முதல் விமானத்தை ஓட்டப் போகிற கேப்டன் குரியன் கோட்டயத்துக்காரர், விமானப்படையிலிருந்து வந்தவர். காப்லு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு பறவை சார்" என்றேன். "வங்காளப் பறவை."

"வேகமா பறக்குமா?"

"ரொம்ப."

விழாவுக்கு நான்கு நாள் முன்பு இடி இறங்கியது. எங்கள் தரைக் கட்டுப்பாட்டு அறையில் கம்பெனிக்கென்று ஒரு ரேடியோ உண்டு. விமானிகள் கதவு மூடியாயிற்று, கிளம்புகிறோம் என்று அதில்தான் எங்களுக்குச் சொல்வார்கள். அந்த முதல் அழைப்பை விருந்தினர் எல்லோரும் கேட்க வேண்டும் என்று லாஹா சார் பெரிய ஒலிபெருக்கி வைக்கச் சொல்லிவிட்டார். நான் கேப்டன் குரியனிடம் ஓடினேன்.

"சார், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கம்பெனி ரேடியோல பேசாம கிளம்பிட முடியுமா?"

"சேர்மனே நேரா சொல்லியிருக்காரே" என்றார் அவர். "பேரைத் தெளிவா, மூணு தடவை சொல்லணுமாம்."

விழா நாள் வந்தது. ரேடியோவில் பேச உரிமம் பெற்றவர்கள் நானும் சென்குப்தா-தாவும்தான். அவர்தான் அன்று பேசுவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. கடும் வயிற்றுப்போக்காம். (அன்று மாலை அவர் மீன் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.) ஆக, மைக்கின் முன் நான்.

அறைக்குள் நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் வரிசையில் லாஹா சார். பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கரைச் சேலையில் திதி. கேமராக்காரர்கள். எல்லார் கையிலும் தட்டு, தட்டில் புலி. அதற்கிடையில் வாசலில் பழகிய ஒரு குரல். "எக்ஸ்கியூஸ் மீ, மை டாட்டர், மை டாட்டர்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். வர வேண்டாம் என்று நான் மூன்று நாளாகக் கெஞ்சியிருந்தேன்.

"ஏட்டி, என்ன மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? சாப்டலையா? இந்தா, புலி ஒண்ணு தின்னு."

"அப்பா, கொஞ்சம் பின்னால போய் நில்லுங்கப்பா."

"எதுக்கு? ஒன் மொதலாளிக்கு ஒரு வணக்கம் சொல்லுதேன்" என்று லாஹா சாருக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டார்.

ஜன்னல் வழியாக விமானம் தெரிந்தது. படிக்கட்டு மடங்கியது. கதவு மூடியது. ஒரு பக்க விசிறி சுற்றத் தொடங்கியது. பிறகு அடுத்தது. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். நாற்பது பேர் குறுக்கே நின்றார்கள். லாஹா சார் கையை உயர்த்த, அறை அமைதியானது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"கம்பெனி, கம்பெனி. காப்லு ஒன் ஜீரோ ஒன்."

கேப்டன் குரியனின் குரல் மணி மாதிரி இருந்தது. சொன்னபடி ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொன்னார். லாஹா சாரின் உயர்ந்த கை அப்படியே நின்றது.

"காப்லு ஒன் ஜீரோ ஒன். காப்லு ஒன் ஜீரோ ஒன். கிளம்பத் தயார்."

வங்காளிகள் அத்தனை பேருக்கும் அது எப்படிப்பட்ட பெயர் என்று தெரியும். யார் பெயர் என்று மட்டும் தெரியாது. லாஹா சாரின் காது நுனி சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்குவதை நான் பார்த்தேன். இப்போது நான் பதில் சொல்ல வேண்டும். பதிலில் விமானத்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அது விதி. நான் பொத்தானை அழுத்தி, "கேட்டது, கிளம்பலாம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

கேப்டன் குரியன் விமானப்படைக்காரர். விடுவாரா? "கம்பெனி, யாருக்குச் சொல்றீங்க? பேரைச் சொல்லி உறுதிப்படுத்துங்க."

விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. விமானத்துக்குள்ளே அமைச்சர் வேறு உட்கார்ந்திருந்தார். நான் லாஹா சாரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டைக்கு ரயில் ஏறிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆறு மாடி லிஃப்டில் விடாத மூச்சையும் சேர்த்து விட்டு, சேர்மன் முகத்துக்கு நேராகச் சொன்னேன்:

"காப்லு... காப்லு ஒன் ஜீரோ ஒன். கிளம்பலாம்."

விமானம் நகர்ந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் திதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மெல்ல நடந்து ஒலிபெருக்கியின் முன்னால் போய்க் குனிந்து, அதற்குள்ளே யாரோ இருப்பதைப் போல, "யாரப்பா நீ? நம்ம காப்லுவை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். யார் பெயர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. முதலில் ஒரு கேமராக்காரர் தும்முகிற மாதிரி சிரித்தார். அடுத்து அறையே சிரித்தது. லாஹா சார் மட்டும் சிரிக்கவில்லை.

"யார் செய்தது?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

நான் எழுந்தேன். "நான்தான் சார். மூன்றாவது கட்டம். காலியாக இருந்தது."

"அதற்கு இந்தப் பெயரா?"

"அப்போதுதான் சார், திதி ஃபோன் செய்தார்கள். ஒன்றரை மணி மருந்துக்கு." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். நாற்பது பேர் எதிரில் மூக்கு ஒழுக நின்றேன்.

"அப்ப பேர் வச்சது நான்தான்" என்றார் திதி, ஏதோ கணக்கு நேரான திருப்தியோடு. "இவன் பொறந்தப்ப எனக்கு ஒன்பது வயசு. கன்னத்தைப் பார்த்து நான்தான் முதல்ல காப்லுன்னு கூப்பிட்டேன். இப்பவும் நான்தான் வச்சிருக்கேன்."

"திதி, நாளைக்கே மாற்ற விண்ணப்பிக்கிறேன்."

"மாத்திப் பாரு. உன் பிளேன்ல நான் ஏற மாட்டேன். அம்மா போன பிறகு இந்தப் பேரைச் சொல்ல நான் ஒருத்தி. நானும் போனா யார் கூப்பிடுவாங்க உன்னை?"

லாஹா சார் ஜன்னலுக்கு வெளியே தன் விமானம் ஓடுபாதை முனையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இன்னும் அழுகை வந்தது, ஆனால் இந்த முறை எனக்காக இல்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "உன் டாக் நாம் என்ன?"

"எங்களில் அந்த வழக்கம் இல்லை சார்" என்றேன். அப்பட்டமான பொய்.

"என்னம்மா கேக்காரு?" என்றார் பின்னாலிருந்து அப்பா. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவருக்கு வங்காளம் அரைகுறை. ஆனால் டாக் நாம் என்ற சொல் மட்டும் பிடிபட்டுவிட்டது. முகம் மலர்ந்தது. மகளுக்கு உதவ வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம். வாயில் பாதிப் புலியோடு முன்னால் வந்தார்.

"எஸ், எஸ் சார்! அப்பளம்! ஹவுஸ் நேம் அப்பளம்! சின்னதுல லேசாத் தொட்டாலே நொறுங்கி அழுதுருவா சார். லைக் பாப்பட்! பாப்பட்!" என்று இரண்டு கையாலும் உடைத்தும் காட்டினார்.

நான் அப்போது அழுதுகொண்டிருந்தது அவர் சொன்னதற்குச் சான்றாக அமைந்தது.

அன்று முதல்முறையாக லாஹா சார் சிரித்ததைப் பார்த்தேன். அது கருணையான சிரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு உறை. பிரித்தேன். வேலை நிரந்தரம். கையெழுத்து இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, பெஹாலா வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத் திரை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம்தான் பின்னால் இணைத்திருந்த இன்னொரு தாளைப் பார்த்தேன். எல்லாப் பிரிவுக்கும் நகல் போன சுற்றறிக்கை. "நம் தரைக் கட்டுப்பாட்டு அறையை விமானிகள் இதுவரை 'கம்பெனி' என்று அழைத்துவந்தனர். இன்றுமுதல் அதன் அழைப்புப் பெயர்: அப்பளம். தரை நிலையத்துக்குப் பெயர் வைக்க வெளியார் அனுமதி எதுவும் தேவையில்லை. லாஹா."

பத்து நிமிடத்தில் ரேடியோ கரகரத்தது. "அப்பளம், அப்பளம். காப்லு ஒன் ஜீரோ டூ. இதுவும் பறவையா மேடம்?" என்றார் கேப்டன் குரியன்.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. விமானங்கள் ஏழாகிவிட்டன. சென்குப்தா-தா வயிறு சரியாகி ஓய்வும் பெற்றுவிட்டார். திதி போன வருடம் காலமானார். ஒன்றரை மணிக்கு இப்போது யாரும் ஃபோன் செய்வதில்லை. அந்த நேரத்துக்கு லாஹா சார் சில நாள் கீழே எங்கள் அறைக்கு வருகிறார். ஏதோ பதிவேடு பார்ப்பது போலப் புரட்டிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்காருகிறார். ஒன்று நாற்பதுக்கு வடக்கிலிருந்து ஒரு விமானம் இறங்கும். அது தன் பெயரைச் சொல்லும்வரை இருந்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என் வீட்டில்தான் பேச்சுக்குக் குறைவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த விமானிகள் தாம்பூலப் பையில் கைவிட்டு அப்பளம் தேடினார்கள். என் கணவர் ஹாலிலிருந்து தம்ளரை வாயில் வைத்து, "அப்பளம், அப்பளம், காபி ஒன் ஜீரோ ஒன், இறங்க அனுமதி உண்டா?" என்பார். பதில் வராவிட்டால் மூன்று முறை கூப்பிடுவார். எட்டு வயது மகள் அவரைத் திருத்துவாள், "அப்பா, அம்மா பிசி. ஹோல்ட் பண்ணுங்க."

எல்லோரையும் மிஞ்சியவர் அப்பாதான். பாளையங்கோட்டைக்குப் போகாமல் பெஹாலாவிலேயே தங்கியதற்குத் தானே காரணம் என்று நம்புகிறார். மாலையில் மொட்டை மாடியில் நடக்கும்போது மேலே எந்த விமானம் போனாலும் நின்று, பக்கத்து வீட்டு தத்தா பாபுவுக்குக் கைகாட்டி, "மை டாட்டர் நேம். அதச் சொல்லிட்டுதான் போறான்" என்பார். ஒருநாள் துணி எடுக்கப் போன நான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அது நம்ம விமானமே இல்ல. துபாய்க்குப் போறது. அவங்களுக்கு என் பேரே தெரியாது."

அப்பா அந்த விமானம் மேகத்துக்குள் மறையும்வரை பார்த்தார்.

"இவ்வளவு நாள் ஆச்சுல்லாட்டி," என்றார். "இன்னேரம் அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."